மெல்லிய பாதுகாப்புப் பூச்சுகளும் கீறல்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பூச்சுகளை வைரமுனையால் கீறி, அந்தச் சுவட்டை நுண்ணோக்கியில் பார்ப்பது என் வேலை. இத்தனை ஆண்டுகளில் என்னிடம் கேட்கப்பட்ட ஐயங்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகின்றன. பூச்சு என்பது தனித்து நிற்கும் பொருள் என்று எண்ணிவிடுகிறார்கள். கீறும்போது பூச்சும் அதன் அடியில் உள்ள பொருளும் சேர்ந்தே அழுந்துகின்றன, சேர்ந்தே வளைகின்றன, சில வேளைகளில் ஒன்று மற்றொன்றைக் கைவிடுகிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு படித்தால் கீழே உள்ள விடைகள் ஒன்றோடொன்று இணைவது தெரியும். கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே தந்திருக்கிறேன். பின்னால் வரும் விடைகள் முன்னால் வந்தவற்றைச் சார்ந்திருப்பதால், முதல் சிலவற்றைத் தாண்டிச் செல்லாமல் படிப்பது நல்லது.

1. கீறல் விழுகிறது என்றால் பொருள் வெட்டுப்பட்டு வெளியேறுகிறது என்றுதானே அர்த்தம்?

எப்போதும் அப்படியில்லை. கூரிய முனை ஒன்று பரப்பின்மீது அழுந்தி நகரும்போது நான்கு விதமாக நடக்கலாம். சுமை மிகக் குறைவாக இருந்தால் பரப்பு அழுந்தி, முனை கடந்தவுடன் பழைய நிலைக்கே மீண்டுவிடும்; இது மீள் உருமாற்றம், இதில் சுவடே இருக்காது. சுமை கூடினால், ஏர் ஓட்டிய சால்போல நடுவில் பள்ளமும் இருபுறமும் வரப்பும் உண்டாகும். இங்கே பொருள் இடம் மாறியிருக்கிறதே தவிர வெளியேறவில்லை. முனை கூர்மையாகவும் நிமிர்ந்தும் இருந்தால்தான் உண்மையான வெட்டு நிகழ்ந்து, இழைப்புளியில் மரச்சுருள் வருவதுபோலத் துகள் சுருண்டு வரும். நான்காவது, பொருள் நொறுங்கும் இயல்புடையதாக இருந்தால் விரிசல் விட்டுச் செதில்களாகப் பெயரும்.

ஒரே பூச்சில், ஒரே கீறலில், சுமை கூடக்கூட இந்த நான்கையும் அடுத்தடுத்துப் பார்க்கலாம். ஆகவே ஒரு பூச்சு கீறலைத் தாங்குமா என்று பொதுவாகக் கேட்பதைவிட, எந்தச் சுமையில் எந்த நிலைக்கு அது மாறுகிறது என்று கேட்பதே பயன் தரும்.

2. கடினமான பூச்சு என்றால் கீறல் விழாது, சரிதானே?

பாதி சரி. கடினத்தன்மை என்பது அழுத்தும்போது மீளாத பள்ளம் விழாமல் எதிர்க்கும் திறன். 1812இல் ஃப்ரீட்ரிக் மோஸ் வகுத்த பத்துப்படி அளவுகோலும் எது எதைக் கீறும் என்ற எளிய சோதனையின்மீது எழுந்ததுதான். அதில் டால்க் 1, குவார்ட்ஸ் 7, வைரம் 10. பூச்சைவிட மென்மையான பொருள் அதில் பள்ளம் உண்டாக்குவது அரிது என்ற அளவில் கடினத்தன்மை உதவுகிறது.

ஆனால் கடினமான பொருள்கள் பெரும்பாலும் வளைந்து கொடுக்காதவை. பள்ளம் விழாமல் தாங்கிவிட்டு, அதற்கு ஈடாக விரிசல் விட்டுவிடும். பள்ளம் விழுந்த மென்பூச்சு தன் அடியில் உள்ள பொருளை இன்னும் மூடிக்கொண்டிருக்கலாம். விரிசல் விட்ட கடும்பூச்சோ ஈரத்துக்கும் உப்புக்கும் வழி திறந்துவிடுகிறது. இவற்றுள் எது பெரிய சேதம் என்பது பூச்சை எதற்காகப் பூசினோம் என்பதைப் பொறுத்தது.

3. மென்மையான துணியால்தான் துடைத்தேன். பிறகு எப்படிக் கீறல் வந்தது?

துணி கீறவில்லை. துணிக்கும் பரப்புக்கும் இடையில் அகப்பட்ட தூசிதான் கீறியது. காற்றில் பறந்து படியும் மண்தூசியில் குவார்ட்ஸ் துகள்கள் உண்டு. கண்ணாடியின் மோஸ் எண் ஏறத்தாழ ஐந்தரை. கார்களின் வண்ணத்துக்கு மேல் உள்ள கிளியர் கோட் என்ற நிறமற்ற பூச்சு அதைவிடப் பல மடங்கு மென்மையானது. விரலின் அழுத்தம் துணி முழுவதும் பரவுவதுபோலத் தோன்றினாலும், துகளின் மூலை பரப்பைத் தொடும் இடம் ஒரு மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவாக இருக்கலாம் என்பதால், அங்கே எழும் அழுத்தம் மிகப் பெரிது. துடைப்பதற்குமுன் நீரால் தூசியைக் கழுவிவிடச் சொல்வது இதனால்தான்.

4. மெல்லிய பூச்சு என்கிறீர்களே, எவ்வளவு மெல்லியது?

தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான் என்று வைத்துக்கொள்ளுங்கள். காரின் கிளியர் கோட் 35 முதல் 50 மைக்ரான். நான்ஸ்டிக் பாத்திரத்தின் பூச்சும் ஏறத்தாழ இதே வகுப்பு. பிளாஸ்டிக் கண்ணாடி லென்ஸின் ஹார்ட் கோட் 2 முதல் 5 மைக்ரான். அதன்மேல் உள்ள பிரதிபலிப்புத் தடுப்பு அடுக்குகள் எல்லாம் சேர்ந்தும் அரை மைக்ரானை எட்டுவதில்லை. துளையிடும் உளிகளில் பொன்னிறமாகத் தெரியும் டைட்டானியம் நைட்ரைடு 2 முதல் 4 மைக்ரான். துருப்பிடிக்காத எஃகின்மேல் தானாகவே உருவாகும் குரோமியம் ஆக்சைடுப் படலமோ சில நானோமீட்டர் (மைக்ரானில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மட்டுமே.

5. அப்படியானால் தடிமனாகப் பூசிவிட்டால் தீர்ந்தது அல்லவா?

இதை மிகுதியாகக் கேட்பவர்கள் உதிரிபாகங்களை வடிவமைப்பவர்கள். சுமை தாங்கும் அளவில் அவர்கள் சொல்வது சரி. பூச்சு தடிமனாக இருந்தால் அடிப்பொருளுக்குச் சென்று சேரும் அழுத்தம் குறையும். பூச்சு வளைவதும் குறையும்.

ஆனால் விரிசலின் கணக்கு வேறு. பூச்சுக்குள் தேங்கியிருக்கும் தகைவு (பொருளுக்குள் ஒவ்வோர் அலகுப் பரப்பிலும் நிலவும் இழுவிசை அல்லது நெருக்கும் விசை), விரிசல் ஒன்று ஓடும்போது ஆற்றலாக வெளிப்படுகிறது. ஒரே தகைவுள்ள இரு பூச்சுகளில், தடிமன் இரு மடங்கானால் விரிசலின் ஒவ்வோர் அலகுப் பரப்புக்கும் கிடைக்கும் ஆற்றலும் இரு மடங்காகிறது. தகைவு இரு மடங்கானாலோ அது நான்கு மடங்காகிறது. விரிசலை முன்னே தள்ளத் தேவையான ஆற்றல் பொருளுக்கே உரியது, அது தடிமனோடு மாறுவதில்லை. எனவே ஒரு குறிப்பிட்ட தடிமனுக்குக் கீழே, எவ்வளவு நொறுங்கும் பொருளாக இருந்தாலும், விரிசல் ஓடுவதற்கு வேண்டிய ஆற்றல் கிடைக்காமல் நின்றுவிடும். அதைத் தாண்டினால் யாரும் தொடாமலே விரிசல் விடவும் உரியவும் கூடும். டைட்டானியம் நைட்ரைடை யாரும் 50 மைக்ரான் பூசாததற்குச் செலவு மட்டும் காரணமன்று.

இதற்கு ஒரு நடுவழி உண்டு. ஒரே தடித்த படலத்துக்கு மாற்றாக, இரு வேறு பொருள்களை நானோமீட்டர் அளவில் மாறி மாறி அடுக்கினால், விரிசல் ஒவ்வோர் எல்லையிலும் திசை திரும்பித் தன் ஆற்றலை இழக்கிறது.

6. சோதனைக்கூடத்தில் கீறிப் பார்க்கிறோம் என்கிறீர்கள். அங்கே உண்மையில் என்ன பார்க்கிறீர்கள்?

கடினமான பீங்கான் வகைப் பூச்சுகளுக்கு ஐ.எஸ்.ஓ. 20502 என்ற தரநிலை இருக்கிறது. 120 பாகை கூம்பு வடிவமும், நுனியில் 200 மைக்ரான் ஆரமுள்ள உருண்டையும் கொண்ட வைரமுனையைப் பரப்பில் வைத்து, மாதிரியை நிமிடத்துக்கு 10 மில்லிமீட்டர் வேகத்தில் நகர்த்தி, சுமையை நிமிடத்துக்கு 100 நியூட்டன் என்ற வீதத்தில் ஏற்றுவது வழக்கம். அதாவது சுவட்டில் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் சுமை 10 நியூட்டன் கூடுகிறது. சுவட்டின் தொடக்கத்திலிருந்து ஒரு சேதம் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று அளந்தாலே அது எந்தச் சுமையில் நேர்ந்தது என்று தெரிந்துவிடும்.

டைட்டானியம் நைட்ரைடு பூசிய அதிவேக எஃகு (வெட்டுக்கருவிகளுக்கான கடின எஃகு) ஒன்றின் சுவட்டை இடமிருந்து வலமாகப் பாருங்கள். முதலில் பொன்னிறப் பரப்பில் எதுவுமே இல்லை. பிறகு மெருகு மாறிய ஒரு பட்டை மட்டும் தெரியும். பூச்சு முழுமையாகவே இருக்கிறது, அதன் மேடுபள்ளங்கள் நசுங்கியிருக்கின்றன. இன்னும் சற்று நகர்ந்தால் பட்டைக்குள் மயிரிழை போன்ற பிறைகள் ஒன்றன்பின் ஒன்றாக, ஏறத்தாழச் சம இடைவெளியில் வரத் தொடங்கும். இவற்றில் முதலாவது தோன்றும் சுமையை முதல் மாறுநிலைச் சுமை என்கிறோம். அடுத்து, சுவட்டின் ஓரங்களில் சிப்பி வடிவில் சில்லுகள் பெயர்ந்து, பொன்னிறத்தின் நடுவே எஃகின் சாம்பல் நிறம் தெரியும், இது இரண்டாவது. கடைசியில் சுவட்டின் நடுப்பகுதி முழுவதும் சாம்பல் நிறமாகிவிடும், இது மூன்றாவது.

விரிசல் விடும் நொடியில் எழும் மீயொலி அதிர்வை உணரும் கருவியும், உராய்வு விசையை அளக்கும் கருவியும் கூடவே ஓடுகின்றன. அவை பெரிதும் உதவும். ஆனாலும் நுண்ணோக்கியில் கண்ணால் காண்பதை அவற்றின் வரைபடத்துக்காக விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அடிப்பொருளில் உள்ள ஒரு கடினத் துகள் உடைந்தாலும் அதிர்வு எழும். வரைபடம் அதைப் பூச்சின் விரிசலிலிருந்து பிரித்துக் காட்டாது.

7. முனை முன்னால் போகிறது. விரிசல் ஏன் அதன் பின்னால் விழுகிறது?

முனைக்கு முன்னால் பொருள் நெருக்கப்படுகிறது; பின்னால் இழுக்கப்படுகிறது. விரிப்பின்மேல் உள்ளங்கையை அழுத்தித் தள்ளினால் கைக்கு முன்னால் மடிப்புகள் எழுவதையும் பின்னால் விரிப்பு விறைப்பாக நீள்வதையும் காணலாம், பூச்சிலும் அதுவேதான். நொறுங்கும் பொருள்கள் நெருக்கத்தை நன்றாகத் தாங்கும், இழுவையைத் தாங்கா. ஆகவே முனையின் பின்விளிம்பில் இழுவிசை எல்லை மீறும்போது ஒரு பிறை திறந்து அந்த இழுவையைத் தளர்த்துகிறது. முனை சற்று நகர்ந்ததும் இழுவை மீண்டும் சேர்ந்து அடுத்த பிறை திறக்கிறது. முன் விடையில் சொன்ன சம இடைவெளிக்கு இதுவே காரணம்.

உராய்வு மிகுந்தால் இந்த இழுவை மிகும். கடினத்தன்மை சற்றும் கூடாவிட்டாலும், வழுக்கும் மேற்பரப்புடைய பூச்சு கீறலை நன்றாகத் தாங்குவது இதனால்தான். வைரம் போன்ற கார்பன் பூச்சுகளின் சிறப்பில் ஒரு பாதி அவற்றின் குறைந்த உராய்வுதான் என்பேன்.

8. ஒரே பூச்சை எஃகிலும் அலுமினியத்திலும் போட்டோம். எஃகில் நன்றாக நிற்கிறது, அலுமினியத்தில் உடனே உடைகிறது. பூசியவர் ஏமாற்றிவிட்டாரா?

பூசியவர்மேல் குறை இருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். அதிவேக எஃகின் கடினத்தன்மை ஏறத்தாழ 8 கிகாபாஸ்கல், அதாவது ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 8,000 நியூட்டன். 30 நியூட்டன் சுமையில், நகரும் முனையின் முன்பாதி மட்டுமே சுமை தாங்குகிறது என்று கொண்டால், தொடுபரப்பின் ஆரம் 50 மைக்ரானுக்கு அருகில் வரும். 200 மைக்ரான் ஆரமுள்ள உருண்டை அந்த அளவுக்குப் பதிய வேண்டுமானால் 6 மைக்ரான் இறங்க வேண்டும். பூச்சின் தடிமனோ 3 மைக்ரான். அதாவது முனை பூச்சின் தடிமனைப்போல இரு மடங்கு ஆழத்துக்கு இறங்கியும், பூச்சு தேய்ந்துவிடவில்லை. அது பள்ளத்தின் வடிவத்துக்கு வளைந்து, எஃகோடு சேர்ந்து கீழே போயிருக்கிறது.

உராய்வு குறைவாக இருக்கும்போது சறுக்குத் தகைவு (பொருளின் ஓர் அடுக்கை மற்றொன்றின்மேல் நழுவச் செய்யும் தகைவு) மிக உயர்ந்து நிற்கும் இடம், தொடுபரப்பின் ஆரத்தில் ஏறத்தாழப் பாதி ஆழத்தில், அதாவது இங்கே 24 மைக்ரான் ஆழத்தில் இருக்கிறது. அந்த இடத்தில் இருப்பது பூச்சன்று, எஃகு. முதலில் விட்டுக்கொடுப்பது எஃகுதான். அது எவ்வளவு விட்டுக்கொடுக்கிறது என்பதே பூச்சு எவ்வளவு வளைய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது.

இப்போது எஃகை எடுத்துவிட்டு, ஒரு கிகாபாஸ்கலை ஒட்டிய கடினத்தன்மையுள்ள அலுமினியக் கலவையை வையுங்கள். அதே சுமையில் பள்ளம் பல மடங்கு ஆழமாகும். பூச்சு அதற்கேற்ப வளைய முடியாமல் உடையும். மெத்தைமேல் கண்ணாடித் தகட்டை வைத்து மிதிப்பதைப் போன்றது இது. முட்டையோட்டு விளைவு என்றும் சொல்வார்கள். இதைத் தவிர்க்க, எஃகாக இருந்தால் பூசுவதற்குமுன் நைட்ரஜனேற்றி மேற்பரப்பைக் கடினமாக்குவதும், அலுமினியமாக இருந்தால் இடையில் சுமை தாங்கும் தடித்த அடுக்கு ஒன்றைக் கொடுப்பதும் வழக்கம்.

9. பூச்சு உரிந்து வந்தால், சரியாக ஒட்டவில்லை என்றுதான் பொருளா?

பல நேரங்களில் ஆம். பூசுவதற்குமுன் எண்ணெய்ப் படலமோ ஆக்சைடோ முழுமையாக நீங்காமல் இருந்திருக்கும். ஆனால் ஒட்டு நன்றாக இருந்தும் உரியலாம். ஆவியாக்கிப் படிய வைக்கும் கடும்பூச்சுகளுக்குள் பெரும்பாலும் அமுக்கத் தகைவு தங்கிவிடுகிறது. அளவோடு இருந்தால் அது நன்மையே: இழுவை முதலில் அந்த அமுக்கத்தை ஈடுகட்டிவிட்டுத்தான் விரிசலைத் திறக்க முடியும். அளவு மிஞ்சினால், விரிவடைய இடம் தேடும் பூச்சு ஒட்டு சற்றுத் தளர்ந்த இடத்தில் மேலே புடைத்துக்கொள்கிறது. அந்தப் புடைப்பு புழு ஊர்ந்த தடம்போல நெளிந்து நெளிந்து பரவும். கீறல்முனை முன்னால் தள்ளும் நெருக்கமும் இதோடு சேர்ந்தால், புடைத்த பகுதி ஒடிந்து செதிலாகப் பறக்கும்.

வைரம் போன்ற கார்பன் பூச்சில் உள்தகைவு பல கிகாபாஸ்கல் வரை போகக்கூடியது என்பதால், குரோமியம் அல்லது சிலிக்கான் இடையடுக்கு ஒன்றை முதலில் இட்டு, அதன்மேல்தான் கார்பனைப் படிய வைக்கிறார்கள். ஐந்தாம் விடையில் சொன்ன தடிமன் கணக்கு இங்கும் அப்படியே பொருந்தும்.

10. விளம்பரத்தில் 9எச் கடினத்தன்மை என்று போட்டிருக்கிறது. வைரத்துக்கு அடுத்த நிலை என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. இது மோஸ் எண்ணன்று, பென்சிலின் எண். ஐ.எஸ்.ஓ. 15184 தரநிலைப்படி, 9பி முதல் 9எச் வரையுள்ள பென்சில்களை 45 பாகைச் சாய்வில், 750 கிராம் சுமையில் பூச்சின்மேல் தள்ளிப் பார்க்கிறார்கள். எந்தப் பென்சில் வரை தடம் விழவில்லையோ அதுவே மதிப்பு. பென்சிலின் உள்ளே இருப்பது கிராஃபைட்டும் களிமண்ணும்தான். 9எச் என்றால் அந்த வரிசையில் மிகக் கடினமான பென்சிலும் தடம் பதிக்கவில்லை என்பது மட்டுமே பொருள். மூன்றாம் விடையில் வந்த மணல் துகளைப் பற்றி அது எதையும் சொல்லவில்லை. பெயின்ட் வகைப் பூச்சுகளை ஒன்றோடொன்று ஒப்பிட இது நல்ல, எளிய சோதனை. அதற்குமேல் அதனிடம் எதிர்பார்ப்பது தவறு.

11. காரில் இருந்த மெல்லிய கோடுகள் வெயிலில் நின்றபிறகு மறைந்துவிட்டன. இது உண்மையிலேயே நடக்குமா, என் கண் ஏமாற்றமா?

உண்மையிலேயே நடக்கும். கிளியர் கோட் என்பது நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் ஆங்காங்கே முடிச்சிடப்பட்ட வலைபோன்ற பிளாஸ்டிக். மெல்லிய கீறல் அந்த வலையை இழுத்து நசுக்குகிறதே தவிர அறுப்பதில்லை. குளிர்ந்த நிலையில் சங்கிலிகள் அசைய முடியாமல் அந்தப் பள்ளத்திலேயே உறைந்து நிற்கின்றன. சூடேறியதும் அவை அசையத் தொடங்க, முடிச்சுகள் அவற்றைப் பழைய இடத்துக்கு இழுக்கின்றன. வெந்நீர் ஊற்றினாலும் இதே விளைவைக் காணலாம். சில பாலியூரித்தேன் பூச்சுகள் இதற்கென்றே வடிவமைக்கப்படுகின்றன.

ஆனால் சங்கிலிகள் அறுந்து விளிம்புகள் கிழிந்த கீறல் சூட்டால் ஆறாது. இழுக்க வேண்டிய முடிச்சே அங்கு இல்லை. இன்னொன்றும் உண்டு: பிளாஸ்டிக் காலத்தைச் சார்ந்தது. வேகமாகக் கீறினால் நொறுங்குவதும் மெதுவாகக் கீறினால் வழிந்து கொடுப்பதும் ஒரே பூச்சின் இயல்புகளே. அதனால் பிளாஸ்டிக் பூச்சின் சுவட்டைக் கீறிய உடனே ஒருமுறையும், ஒரு நாள் கழித்து மறுமுறையும் அளக்கிறோம். இரண்டு ஆழங்களும் ஒன்றாக இருப்பதில்லை.

12. கையால் தடவினால் ஒன்றுமே தெரியவில்லை, விளக்கு வெளிச்சத்தில் மட்டும் வட்ட வட்டமாகச் சிலந்தி வலைபோல் தெரிகிறது. வட்டமாகத் துடைத்ததால் வந்ததா?

ஒரு மைக்ரானுக்கும் குறைவான அகலமுள்ள பள்ளத்தைக் கண்ணால் பிரித்துப் பார்க்க முடியாது. ஆனால் அதன் சரிவுகள் விளக்கொளியைச் சிதறடிப்பதைப் பார்க்க முடியும். கறுப்புப் பரப்பில் பின்னணி ஒளி இல்லாததால் சிதறல் எடுப்பாகத் தெரிகிறது.

வட்டமாகத் தெரிவதற்குத் துடைத்த விதம் காரணமாக இருக்க வேண்டியதில்லை. பரப்பில் எல்லாத் திசைகளிலும் கோடுகள் இருந்தாலும், விளக்கின் பிம்பத்தைச் சுற்றி அதற்குக் குறுக்காக அமைந்த கோடுகளே நம் கண்ணை நோக்கி ஒளியைத் திருப்புகின்றன. நீங்கள் தலையை நகர்த்தினால் வலையும் கூடவே நகர்வதைக் கவனியுங்கள். அந்த வலை பரப்பில் வரையப்பட்டதாக இருந்தால் நகராது.

13. விரல் நகம் மாட்டினால் ஆழமான கீறல் என்கிறார்களே, நம்பலாமா?

முதல் மதிப்பீட்டுக்கு நம்பலாம். நகம் மாட்டாத கோடு பெரும்பாலும் கிளியர் கோட்டின் மேல்பகுதியோடு நிற்பது. மிக மெல்லிதாகத் தேய்த்துச் சரிவுகளை மழுக்கினால் ஒளிச்சிதறல் அடங்கிவிடும். நகம் மாட்டும் கீறலைத் தேய்த்தே போக்க வேண்டுமானால், அதன் அடிமட்டம் வரை சுற்றியுள்ள பூச்சு முழுவதையும் இறக்க வேண்டும். 40 மைக்ரானே உள்ள இடத்தில் அது கைவசம் இருப்பதை வீணாக்குவதாகும். வெயிலின் புறஊதாக் கதிரைத் தடுக்கும் பொருள்கள் அந்த அடுக்கில்தான் இருக்கின்றன என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

14. லென்ஸில் யாரும் கீறவில்லை, ஆனால் சிறு சிறு வெடிப்புகள் வலைபோல வந்திருக்கின்றன. ஏன்?

இது கீறலன்று, வெப்பத்தின் வேலை. பிளாஸ்டிக் லென்ஸ் சூட்டில் மிகுதியாக விரிவடையும். அதன்மேல் உள்ள ஆக்சைடு அடுக்குகள் மிகக் குறைவாகவே விரிவடையும். மூடிய வாகனத்தின் சூட்டில் லென்ஸை விட்டுவைத்தால் அடியில் உள்ள பிளாஸ்டிக் மேலே உள்ள படலத்தை எல்லாப் பக்கமும் இழுக்கிறது. ஏழாம் விடையில் சொன்னபடி, இழுவையைத் தாங்காத பொருள் வெடிக்கிறது. அனோடைஸ் செய்த, அதாவது மின்வேதி முறையில் ஆக்சைடுப் படலம் வளர்த்த, அலுமினியத்தைச் சூடாக்கினாலும் இதே வெடிப்பு வரும்: அலுமினியம் ஒரு பாகை செல்சியஸுக்குப் பத்து லட்சத்தில் 23 பங்கு விரிவடைகிறது, அதன்மேல் உள்ள ஆக்சைடோ ஏறத்தாழ 5 பங்குதான்.

15. இரண்டு மைக்ரான் பூச்சின் கடினத்தன்மையை மட்டும் தனியாக எப்படி அளக்கிறார்கள்? அடியில் உள்ளது கலந்துவிடாதா?

கலந்துவிடும், அதுதான் இதில் உள்ள சிக்கல். மூன்று பக்கப் பிரமிடு வடிவ வைரமுனையை நானோமீட்டர் கணக்கில் அழுத்தி, சுமை ஏறும்போதும் இறங்கும்போதும் ஆழத்தைத் தொடர்ந்து பதிவு செய்கிறார்கள். இறங்கும் கோட்டின் சரிவிலிருந்து மீள்தன்மைக் குணகத்தையும் (பொருளின் விறைப்பைக் காட்டும் எண்), தொடுபரப்பிலிருந்து கடினத்தன்மையையும் கணக்கிடும் முறையை ஆலிவரும் ஃபாரும் 1992இல் வெளியிட்டார்கள். இன்றும் பெரும்பாலான கருவிகள் அதையே பின்பற்றுகின்றன. தடிமனில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இறங்கக் கூடாது என்பது பழக்கத்தில் உள்ள விதி; 2 மைக்ரான் பூச்சானால் 200 நானோமீட்டர். கடினத்தன்மைக்கு இந்த விதி பெரும்பாலும் போதும். மீள்தன்மைக் குணகத்துக்குப் போதாது. ஏனெனில் மீள் உருமாற்றம் பள்ளத்தைத் தாண்டி வெகுதூரம் பரவுவதால் அடிப்பொருளின் குரல் முதலிலேயே கேட்கத் தொடங்கிவிடும்.

16. கடினத்தன்மை மட்டும் போதாது என்றால், எந்த எண்ணைப் பார்த்துப் பூச்சைத் தேர்ந்தெடுப்பது?

கடினத்தன்மையை மீள்தன்மைக் குணகத்தால் வகுத்துவரும் விகிதத்தைப் பாருங்கள். பொருள் மீள முடியாத நிலைக்குப் போகுமுன் எவ்வளவு தூரம் வளைந்து கொடுக்கும் என்பதற்கு அது ஒரு குறியீடு. தேய்மானத்தைக் கணிப்பதில் கடினத்தன்மையைவிட இந்த விகிதமே பயன்படும் என்று லேலண்டும் மேத்யூஸும் 2000இல் எடுத்துக்காட்டினார்கள். அதன் உட்பொருள் எளியது. எட்டாம் விடையில் பார்த்தபடி பூச்சு அடிப்பொருளோடு சேர்ந்து வளைந்தே ஆக வேண்டும். அப்படியானால் பள்ளம் விழாத அளவுக்குக் கடினமாகவும், அடிப்பொருளின் போக்குக்கு ஈடுகொடுக்கும் அளவுக்கு இளக்கமாகவும் இருப்பதே நல்ல பூச்சு. மிகக் கடினமானதும் மிக விறைப்பானதுமான பூச்சை மென்மையான உலோகத்தின்மேல் போடுவதைவிட, சற்றுக் குறைந்த கடினத்தன்மையும் அந்த உலோகத்துக்கு நெருங்கிய மீள்தன்மைக் குணகமும் உள்ள பூச்சு நீண்டகாலம் நிற்கும்.

எனினும் இந்த விகிதம் ஒட்டுவலிமையைப் பற்றியோ உள்தகைவைப் பற்றியோ எதையும் சொல்வதில்லை. விகிதம் உயர்ந்திருந்தும் முதல் கீறலிலேயே செதில் செதிலாகப் பெயர்ந்த பூச்சுகளைப் பார்த்திருக்கிறேன்.

17. ஒரே மாதிரியை இரண்டு கூடங்களில் சோதித்தோம். ஒருவர் 42 நியூட்டன் என்கிறார், மற்றவர் 29 என்கிறார். யாரை நம்புவது?

இருவருமே நேர்மையாக அளந்திருக்கலாம். மாறுநிலைச் சுமை என்பது அடர்த்தி போலப் பூச்சுக்கு மட்டும் உரிய பண்பன்று. முனையின் ஆரம், சுமை ஏறும் வீதம், நகரும் வேகம், உராய்வு, பரப்பின் சொரசொரப்பு, அடிப்பொருளின் கடினத்தன்மை, பூச்சின் தடிமன் ஆகிய எல்லாம் சேர்ந்து தரும் எண் அது. முனை பழையதாக இருந்தாலே போதும். ஒருமுறை எங்கள் அளவீடுகள் சில வாரங்களாக மெல்ல மெல்லக் கீழே சரிந்துகொண்டே வந்தன. பூச்சைச் சந்தேகித்து மாதிரிகளைத் திருப்பி அனுப்பும் நிலைக்கு வந்துவிட்டோம். வைரமுனையை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது அதன் தோளில் ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. அன்றிலிருந்து, தெரிந்த மதிப்புள்ள ஒப்பீட்டு மாதிரி ஒன்றைக் கீறிப் பார்க்காமல் எந்த நாளின் வேலையையும் தொடங்குவதில்லை.

ஆகவே இரு கூடங்களையும் முதலில் கேட்க வேண்டியது, 42 என்பதும் 29 என்பதும் எந்த நிகழ்வின் சுமை என்பதையே. ஒருவர் முதல் பிறை விரிசலையும் மற்றவர் முதல் சில்லுப் பெயர்ச்சியையும் குறித்திருந்தால் அங்கே முரண்பாடே இல்லை. சுவட்டின் படம் இணைக்காத அறிக்கையை வாங்கிக்கொள்ளாதீர்கள்.

18. பூச்சில் கீறல் விழுந்து அடிப்பொருள் தெரிந்துவிட்டால் பாதுகாப்பு முழுவதும் போய்விட்டதா?

அது பூச்சு எவ்வகையில் காக்கிறது என்பதைப் பொறுத்தது. துத்தநாகம் பூசிய இரும்பில் கீறல் விழுந்து இரும்பு தெரிந்தாலும், துத்தநாகம் தான் முதலில் அரிக்கப்பட்டு இரும்பைக் காக்கும். குறுகிய கீறலானால் இந்தக் காவல் நெடுநாள் நீடிக்கும். துருப்பிடிக்காத எஃகில் குறைந்தது பத்தரை விழுக்காடு குரோமியம் இருப்பதால், காற்று பட்டவுடன் நான்காம் விடையில் குறிப்பிட்ட படலம் மறுபடி உருவாகிவிடும்.

பெயின்ட் வெறும் தடுப்பு மட்டுமே. கீறல் வழியாக ஈரம் புகுந்து பக்கவாட்டில் அடியேறும். டைட்டானியம் நைட்ரைடு போன்ற கடும்பூச்சுகளின் நிலை இன்னும் மோசமாகலாம். அது மின்சாரம் கடத்தும்; எளிதில் அரிக்கப்படாது. சாதாரண எஃகின்மேல் அது பூசப்பட்டு, உப்பு ஈரமுள்ள சூழலில் ஒரு மெல்லிய விரிசல் விட்டால், அரிப்பு முழுவதும் அந்த மயிரிழை வாயில் குவிந்து கீழே குழி பறிக்கும். எனவே அரிப்புக்கு அஞ்ச வேண்டிய இடத்தில் நீங்கள் பார்க்க வேண்டியது முதல் மாறுநிலைச் சுமையை. தேய்மானம் மட்டுமே கவலை என்றால் இரண்டாவதைப் பார்த்தால் போதும். கண்ணுக்கு அழகாகத் தெரிய வேண்டிய பரப்பானால் இரண்டுமே தாமதமான எண்கள். அங்கே விரிசலுக்கு வெகுமுன்பே, மெருகு மாறும் சுமையிலேயே பொருள் தோற்றுவிட்டதாகக் கொள்ள வேண்டும்.

19. நான்ஸ்டிக் பூச்சு கடினமானதே இல்லை என்கிறார்கள். பிறகு ஏன் அதைப் போடுகிறார்கள்?

ஒட்டாமைக்காகத்தான் போடுகிறார்கள், கீறல் தாங்குவதற்காக அன்று. எதுவும் ஒட்டாத அந்தப் பிளாஸ்டிக் உலோகத்திலும் எளிதில் ஒட்டாது. ஆகவே உலோகத்தைச் சொரசொரப்பாக்கி, அந்தக் குழிகளுக்குள் பூச்சை இறக்கிக் கொக்கிபோல மாட்டிவைக்கிறார்கள். உலோகக் கரண்டி பட்டால் அது முதல் விடையில் சொன்ன சால்போல வழிந்து பிளக்கும். சில தயாரிப்புகளில் அடியடுக்கில் பீங்கான் துகள்களைக் கலக்கிறார்கள். கரண்டியின் சுமையை அந்தத் துகள்கள் தாங்கிக்கொள்ள, இடையில் உள்ள மென்மையான பகுதி தப்புகிறது.

20. பூச்சின் தடிமன், கடினத்தன்மை, மாறுநிலைச் சுமை மூன்றும் அறிக்கையில் உள்ளன. வேறு என்ன கேட்க வேண்டும்?

நான்கு செய்திகளைக் கேளுங்கள். சோதித்த மாதிரியின் அடிப்பொருளும் அதன் கடினத்தன்மையும் உங்கள் உதிரிபாகத்தினுடையவைதாமா? பூச்சுக்காரர்கள் மெருகேற்றிய கடின எஃகு வில்லையில் சோதித்த எண்ணைத் தருவது வழக்கம். உங்கள் பாகம் வேறு உலோகமானால் எட்டாம் விடையின்படி அந்த எண் உங்களுக்கு உரியதன்று. முனையின் ஆரம் என்ன? சுமை ஏறிய வீதம் என்ன? ஒரே இடத்தில் ஒரு கீறல் மட்டும் போட்டார்களா, பல இடங்களில் போட்டு அவற்றுக்கிடையே உள்ள வேறுபாட்டையும் தந்திருக்கிறார்களா?

இந்த நான்குக்கும் விடை கிடைத்தபிறகு, முடிந்தால் உங்கள் பாகம் ஒன்றையே கொடுத்து, அது உண்மையில் சந்திக்கப்போகும் துகளையும் சுமையையும் ஒத்த முனையால் கீறச் சொல்லுங்கள். 200 மைக்ரான் உருண்டை நசுக்குவதும் 5 மைக்ரான் மணல்மூலை கிழிப்பதும் ஒரே பூச்சில் இரு வேறு கதைகள்: முன்னது அடிப்பொருளைச் சோதிக்கிறது, பின்னது பூச்சின் மேல்தோலைச் சோதிக்கிறது.